படி இல்லாத தண்ணீர்

முதல் நாள்: திருப்பூர்

சென்னையில் என் வீட்டிலிருந்து கடல் மூன்று கிலோமீட்டர்தான். மகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் எட்டு மாதமாகிறது. இந்த மே மாத விடுமுறைக்கு அவளைக் கடலே இல்லாத சீமைக்குக் கூட்டி வந்திருக்கிறேன். காலையில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவளுக்கு அதே வருத்தம். "என் வயதில் உன்னை அப்பச்சி சிங்கப்பூர் கடலுக்குக் கூட்டிப்போனார். நீ என்னைக் கொடிவேரிக்குக் கூட்டிப்போகிறாய்." கணக்கு சரிதான். 1995இல் எனக்கும் பத்து வயது. அம்மாவுக்கு முழங்கால் வலி, விமானப் படி ஏற முடியாது, அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் எடுபடாது.

மத்தியானம் அம்மா பீரோவைத் திறந்து நான்கு பிலிம் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார். கறுப்பு டப்பா, சாம்பல் நிற மூடி. மூடிகளின்மேல் பனியன் கழுத்தில் ஒட்டுகிற அளவு ஸ்டிக்கர்: எஸ், எம், எல், எக்ஸ்எல். "கடலுக்குக்கூடச் சைஸ் இருக்கிறதா?" என்றாள் மகள். அப்பாவுக்கு ஊர்ப் பெயர் எழுதி ஒட்டப் பொறுமை கிடையாது. கம்பெனியில் கைக்கு எட்டிய ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார். எஸ், சிங்கப்பூர், 1995. எம், பட்டாயா, 1997. எல், இலங்கை, 2002. மூன்றையும் வெள்ளைத் தாளில் தனித்தனியே கொட்டிப் பார்த்தோம். சிங்கப்பூர் மணல் சலித்த ரவைபோல் ஒரே சீராக இருந்தது. பட்டாயா மணலில் வெளுத்த சிப்பித் துகள். இலங்கை மணல் நாட்டுச்சர்க்கரை நிறம். எக்ஸ்எல் டப்பாவைத் திறந்தால் உள்ளே ஊக்குகள். "சும்மா கிடந்தது கண்ணு, ஊக்குப் போட்டு வைத்துக்கொண்டேன்" என்றார் அம்மா.

பெரிய எக்ஸ்போர்ட்டர் வீடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பாவிடம் இருந்தது பனியன் தைக்கும் பவர் டேபிள் பதினெட்டு. முதலில் அடுத்தவருக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க், பிறகு சின்னச் சின்ன ஏற்றுமதி ஆர்டர்கள். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை மே மாதத்தில் எங்களைக் கடல் தாண்டிக் கூட்டிப்போவதில் ஒரு பிடிவாதம் அவருக்கு. எங்கள் பக்கத்தில் கடல் என்றால் திருச்செந்தூர், இல்லாவிட்டால் ராமேஸ்வரம். மொட்டை அடித்துக்கொண்டு, முங்கி எழுந்து, ஈரத் துணியோடு சாமி கும்பிடும் இடம். விளையாடும் இடம் அல்ல.

அதனால்தான் அப்பத்தா செந்தோசாவில் அப்படித் திகைத்து நின்றது. கோயில் இல்லாத கடலை அது நம்பவில்லை. கிழக்கு எது என்று நாலு பேரைக் கேட்டது. பிறகு கொசுவத்தை இறுக்கிக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, அப்பாவிடம் ஒரு ரூபாய் வாங்கிக் கடலில் எறிந்தது. பக்கத்தில் துண்டு விரித்துப் படுத்திருந்த வெள்ளைக்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்.

மவுண்ட் ஃபேபரிலிருந்து கேபிள் காரில் அந்தத் தீவுக்குப் போனோம். எங்கள் வேன் ஓட்டுநர் தமிழர், அங்கேயே பிறந்தவர். அந்தத் தீவுக்கு முன்பு 'பின்னால் மரணம்' என்று பொருள்படும் மலாய்ப் பெயர் இருந்தது, 1972இல்தான் 'அமைதி' என்று பொருள்படும் செந்தோசா ஆக்கினார்கள் என்று அவர் சொன்னதும் அப்பத்தா என் கையையும் தம்பி கையையும் இறுகப் பிடித்துக்கொண்டது. அடுத்துச் சொன்னது அப்பாவை நிறுத்தியது: இந்தக் கடற்கரை மணல் இந்தத் தீவுடையதே அல்ல, வெளிநாட்டிலிருந்து காசு கொடுத்து வாங்கிக் கொட்டியது. அப்பா குனிந்து ஒரு பிடி அள்ளினார். "லோடு என்ன விலை?" ஓட்டுநருக்குத் தெரியவில்லை. "கடலுக்கே மணல் வாங்கிப் போட்டிருக்கிறான். காரியக்காரன்!" என்று அப்பா அன்றைக்கு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பிடி மணல்தான் எஸ் டப்பா. சிங்கப்பூருக்கு மணல் விற்றுவந்த இந்தோனேசியா 2007இல் அதற்குத் தடை போட்ட செய்தியை அவர் பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார், ஆல்பத்துக்குள்ளேயே கிடக்கிறது.

ஆல்பத்தில் வேறொன்றையும் இன்றுதான் கவனித்தேன். எல்லாப் படத்திலும் அப்பா ஒரே மாதிரி நிற்கிறார். பேன்ட் முழங்கால் வரை சுருட்டியிருக்கிறது, செருப்பு கையில், அலையின் கடைசி நுரை வந்து தொடுகிற கோட்டில். அதற்கு அப்பால் ஓர் அடிகூட இல்லை. இந்த மனிதர் எங்கள் ஊரில் கிணறு தாண்டிக் குதிப்பதற்குப் பேர் போனவர்.

இரண்டாம் நாள்: கொடிவேரி

குன்னத்தூர் வழியாகக் கோபி. வழியெல்லாம் கார் ஏசியை நிறுத்தச் சொல்லி அம்மாவின் உத்தரவு. கோபியைத் தாண்டியதும் காரணம் புரிந்தது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாயும் வயல்காட்டுக் காற்று, திருப்பூர் அனலுக்குப் பிறகு ஈரத்துணி போர்த்தியதுபோல் இருந்தது.

கொடிவேரியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பவானி ஆறு அணையின் மேல் வழிந்து வெள்ளைத் திரையாக இறங்குகிறது. மகள் முதலில் முகத்தைச் சுளித்தாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்ற பிறகு ஒன்றரை மணி நேரம் வெளியே வரவில்லை. பக்கத்தில் பனியன் கம்பெனிப் பையன்கள் நாலு பேர் போனை உயரப் பிடித்து வீட்டாருக்கு அருவியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். எந்த ஊர் என்று மகள் தன் பள்ளிக்கூட இந்தியில் கேட்டாள். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டம். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கடலாம். கடலை விட்டுவிட்டு இங்கே வந்து ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறார்கள். மகள் அதை என்னிடம் வந்து ஏதோ மோசடி நடந்துவிட்டதுபோல் சொன்னாள்.

வறுத்த மீனை வாழையிலையில் வாங்கிக்கொண்டு மரநிழலில் உட்கார்ந்தோம். மிளகாய்த்தூள் கருகிய அந்த வாசனைக்குத்தான் பட்டாயா ஞாபகம் வந்தது.

பட்டாயா ஹோட்டல் அறையில் அப்பத்தா அரிசியும் பருப்புச் சோறு ஆக்கியது. நாங்கள் போன இடமெல்லாம் எங்களோடு மின்சாரக் குக்கர் ஒன்றும், பிரம்புக் கூடையில் சின்ன வெங்காயம், சீரகம், நெய், ஒரு பொட்டலம் துவரம்பருப்பும் வந்தன. இடியாப்பம் மாதிரியான சந்தகையைப் பிழியும் உழக்கைக்கூட அப்பத்தா எடுத்து வைத்திருந்தது. அப்பா கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார். வெங்காயம் தாளித்த புகை போய் கூரையில் இருந்த கருவி அலறத் தொடங்கியது. மாடி முழுவதும் ஆட்கள் வெளியே ஓடினார்கள். ஹோட்டல் ஆட்கள் கதவைத் திறந்தபோது அப்பத்தா குக்கரின் மேல் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அபராதம் எவ்வளவு கட்டினோம் என்பதை அப்பா கடைசி வரை சொல்லவில்லை. சோறு நன்றாக இருந்தது.

நாங்கள் நாலு பேரும் கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போனது ஒரே டி-சர்ட். நீலக் கோடு, நெஞ்சில் ஒரு பாய்மரப் படகு. படகு சற்றே கோணல். செக்கிங்கில் கழித்த பீஸ், அதனால்தான் எங்களுக்கு வந்தது. போட்டோவில் குடும்பமே ஒரே லாட்டாக நிற்கிறோம். கோ லான் தீவுக்குப் படகில் போன அன்று தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்க முடியுமா என்று தம்பி படகிலிருந்து கையை விட்டுத் துழாவிக்கொண்டே வந்தான். இடுப்பளவு ஆழத்தில் என் கால் நகம் தெரிந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்கு முன் அடி தெரிகிற தண்ணீரில் நான் நின்றதில்லை.

ஆனால் பட்டாயாவில் எனக்கு மறக்காதது கடல் அல்ல. சாயங்காலம், கடற்கரைச் சாலையோரம் டி-சர்ட் விற்கும் ஒரு பெண்மணியின் கடை. அப்பா ஒரு சட்டையை எடுத்தார். படத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணியைத் தேய்த்தார். "சிங்கிள் ஜெர்சி. எடை சதுர மீட்டருக்கு நூற்று நாற்பது கிராம்கூடத் தேறாது." பக்கவாட்டுத் தையலை இரண்டு கையாலும் இழுத்தார். பிளாட்லாக் அடித்த கீழ்மடிப்பில் ஓர் இடத்தில் நூல் தாண்டியிருந்ததை நகத்தால் சுட்டிக்காட்டினார். அந்தப் பெண்மணி கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டி நீட்டினார். அப்பா அதை வாங்கி, துணி எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு, அச்சு எவ்வளவு என்று கணக்குப்போட்டு, அடக்க விலையைத் தட்டித் திருப்பிக் கொடுத்தார். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு வேறோர் எண் தட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது; கால் மணி நேரம் அந்தக் கருவி கை மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே ஒரு சட்டை வாங்கினார். போட்டுக்கொள்வதற்கு அல்ல, அதன் கழுத்து ரிப் வைத்த விதம் பிடித்திருந்தது, மாதிரிக்காக.

நாங்கள் போனது மே மாதம். அந்த ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் பாட் நாணயத்தை டாலரின் பிடியிலிருந்து விட்டது. டாலருக்கு இருபத்தைந்து பாட் என்றிருந்தது ஜனவரிக்குள் ஐம்பதைத் தாண்டியது. தாய்லாந்துக்காரன் துணி பாதி விலைக்கு வந்தால் நம் ஆர்டர் என்னாகும் என்று ஊரே கவலைப்பட்டபோது, அப்பாவுக்குக் கூடுதலாக இன்னொரு துக்கமும் இருந்தது: எட்டு மாதம் பொறுத்துப் போயிருந்தால் பயணம் பாதிக் காசில் முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள்: கொடுமணல், தோட்டம்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுத் தம்பி காலையிலேயே போன் செய்தான். குக்கர் விவகாரம் சிங்கப்பூரில்தான் நடந்ததாம். அலாரம் அடித்தபோது அவன் கையில் கேபிள் கார் டிக்கெட் இருந்ததாம். நான் பட்டாயா என்றேன். அம்மாவிடம் பஞ்சாயத்து போனது. "இரண்டு ஊரிலும் அடித்தது" என்று சொல்லிவிட்டு அவர் பல் துலக்கப் போய்விட்டார்.

இன்றைய பயணம் நொய்யலை ஒட்டி. சங்கப் பாடல்கள் கொடுமணம் என்று சொல்லும் கொடுமணல் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. மணிகளும் இரும்பும் செய்த ஊர். தோண்டியதில் சங்கு வளையல் துண்டுகளும் கிடைத்திருக்கின்றன. இந்த மேட்டுக்குக் கடலிலிருந்து சங்கு வந்து, அறுத்து வளையலாகியிருக்கிறது. பார்ப்பதற்கு இன்று அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. வெயில், வேலமரம், ஒரு பலகை. மகள் பத்து நிமிடத்தில் காருக்குள் போய்விட்டாள். நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரத்துப்பாளையம் அணை. இதைப் பற்றி எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். நாங்கள் பள்ளிக்கூடம் போகும் வழியில் நொய்யல் பாலம். பாலம் வருமுன் நானும் தம்பியும் பந்தயம் கட்டுவோம்: இன்று ஆறு என்ன கலர்? சிவப்பு என்றால் அவன், நீலம் என்றால் நான். கறுப்பாக ஓடினால் யாருக்கும் வெற்றி இல்லை. எங்களுக்கு அது விளையாட்டு. அந்தச் சாயக் கழிவெல்லாம் போய்த் தேங்கியது இந்த அணையில்தான். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டியது. கொஞ்ச வருடத்திலேயே கீழ்ப்பகுதி விவசாயிகள் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்கும் நிலைக்கு வந்தது. உலகத்தில் எந்த அணைக்கு இப்படி ஒரு கோரிக்கை வந்திருக்கும்? 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்பாவிடம் சாயப்பட்டறை இல்லை. ஆனால் எங்கள் நீலக் கோடு போட்ட துணியும் எங்கோ ஒரு பட்டறையில் நனைந்துதான் வந்தது. கோ லானில் என் கால் நகம் தெரிந்த தண்ணீருக்கான டிக்கெட் காசு, அடி தெரியாத இந்த ஆற்றிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வயதாக வேண்டியிருந்தது. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருக்கும். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. பாலத்தில் பந்தயம் கட்டினால் மட்டும் "கண்ணாடியை ஏற்றுங்கள்" என்பார்.

மத்தியானத்துக்கு மேல் காங்கயம் பக்கம் அப்பாவின் தோட்டம். இப்போது சித்தப்பா பார்த்துக்கொள்கிறார். செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். கிணறு அப்படியே இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. சதுரக் கிணறு, பக்கச் சுவரிலிருந்து நீட்டிய கற்பலகைப் படிகள். சுவர் இடுக்கில் ஓர் அத்திச் செடி, அதில் புறாக்கள். மகள் மேலிருந்து விரல் நீட்டிப் படிகளை எண்ணினாள். நாற்பத்து மூன்று, கடைசி மூன்றில் சந்தேகம். பக்கத்திலேயே ஆழ்குழாய்க் கிணறு. ஆயிரம் அடிக்குப் போயும் இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறதாம். முதுகில் மிதப்பதற்குச் சுரைப்புருடையை, காய்ந்த சுரைக்குடுக்கையை, கட்டி அப்பாவை இந்தக் கிணற்றில் தள்ளிவிட்டபோது அவருக்கு ஐந்து வயது. மறு வருடம் சுரைப்புருடை இல்லாமல் பம்புசெட் மேட்டிலிருந்து குதித்தார்.

இத்தனை நீச்சல் தெரிந்தும் ஏன் கடலில் இறங்கவில்லை என்று ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். 2002, பெந்தோட்டை. அந்த பிப்ரவரியில் இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்தது. எனக்கு ப்ளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறந்தோம். அப்பத்தா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது, குக்கர் வரவில்லை. எங்களுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம். அந்தக் கரைக்குத் தென்மேற்குப் பருவக்காற்று வருவதும் மே மாதம். யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கரையில் சிவப்புக் கொடி. அலை வீட்டு உயரத்துக்கு எழுந்து விழுந்தது. அத்தனை காசு செலவழித்துப் போய்க் கடலில் குளிக்கவில்லை. பெந்தோட்டை ஆற்றில் படகு, கொஸ்கொடையில் ஆமைக்குஞ்சு, அளுத்கமையிலிருந்து காலி வரை கடலோர ரயில் என்று நாட்களை ஓட்டினோம்.

அன்று சாயங்காலம் கொடிக்குக் கீழே நின்று கேட்டேன். அப்பா கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கலாம் கண்ணு. ஏறுவதற்குப் படி எங்கே?" என்றார். பிறகு காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, "இதே காற்று இன்னும் ஒரு வாரம், பத்து நாளில் பாலக்காட்டுக் கணவாய்க்கு வந்துவிடும். பவானியில் தண்ணீர் வரும்" என்றார். ஏதோ நம் ஊர்க்காரர் ஒருவரை வெளியூரில் பார்த்துவிட்ட மகிழ்ச்சி அவர் குரலில்.

நான்காவது டப்பாவுக்கு அவர் மனதில் மாலத்தீவு இருந்தது. 2005 மே மாதத்துக்குத் திட்டம். அந்த ஜனவரி 1ஆம் தேதிக்காகத் திருப்பூரே பத்து வருடம் காத்திருந்தது. அன்றோடு ஏற்றுமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடான கோட்டா ஒழிகிறது. அடுத்தவனிடம் பணம் கொடுத்துக் கோட்டா வாங்க வேண்டியதில்லை. ஆர்டர் எவ்வளவு வந்தாலும் அனுப்பலாம். அதற்கு ஆறு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, டிவியில் கடல். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, பிறகு இலங்கை. நாங்கள் போன அதே தண்டவாளத்தில், பெரேலியாவில், ரயில் பெட்டிகள் தென்னந்தோப்புக்குள் கவிழ்ந்து கிடந்தன. அந்த ஒரு ரயிலில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார். அன்று மாலை கம்பெனியைத் திறந்து, ஷிப்மெண்டுக்குக் கட்டிவைத்திருந்த பெட்டிகளை உடைத்து, சைஸ் பிரித்து வேனில் ஏற்றினார். ஆர்டர்காரனுக்கு என்ன பதில் சொன்னார் என்று தெரியாது. மாலத்தீவுப் பேச்சை அதன்பிறகு வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

நான்காம் நாள்: பவானி

கிளம்பும் நாள். ஈரோட்டில் இரவு ரயில். அதற்கு முன் கூடுதுறை. அம்மா கேட்டதால் வழியில் ஒரு ஜமக்காளம் வாங்கினோம். தறியில் நெய்ததுதானா என்று புரட்டிப் பார்த்து, நூலை இழுத்துப் பார்த்து, கடைக்காரரை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் வாங்கினார். அப்பாவோடு நாற்பது வருடம் குடித்தனம் நடத்திய பழக்கம்.

சங்கமேஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் படித்துறை. இந்தப் பக்கம் பவானி, அந்தப் பக்கம் காவிரி. கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகச் சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் அஸ்தியை இங்கேதான் கரைத்தோம். அன்று தம்பி இறங்கிய படியிலேயே இன்று யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது, ஐயர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மகள் தண்ணீர் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காவிரி எங்கே போகிறது என்று கேட்டாள். திருச்சி, தஞ்சாவூர், பூம்புகார், அங்கே கடல் என்றேன். "அப்படியென்றால் அப்பச்சி இந்நேரம் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருப்பாரா?"

நான் பதில் தேடுவதற்குள் அம்மா சொன்னார்: "தண்ணீரே கடைமடைக்கு வந்து சேரவில்லை என்று வருடா வருடம் சண்டை நடக்கிறது. உன் அப்பச்சி எங்கே கடலுக்குள் போகிறார்? வழியில் எந்த வயலிலாவது நின்றுகொண்டு, எந்த மடையை அடைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருப்பார்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற காலை முதலில் வைத்து, ஈரப் படியில் ஒன்று, இரண்டு என்று இறங்கினார்.